யார் நிலத்தில் சாணி அள்ளுகிறோம்?

"இயற்கைப் பண்ணை ஒன்றில் ஒரு மாதம் தங்கி வேலை கற்றுக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள். போகலாமா?"

கடந்த சில ஆண்டுகளாக நம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமல்ல, சமூகப்பணி படிப்பவர்கள், சட்டம் படிப்பவர்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். மாடு, ஆடு, கோழி, காய்கறி எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் வைத்து, ரசாயன உரம் இல்லாமல், செத்துப்போன மண்ணுக்கு உயிர் கொடுக்கும் பண்ணைகள் தமிழ்நாட்டில் பெருகிக்கொண்டிருக்கின்றன. தன்னார்வலர்களுக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு.

நம் தோழர்களிடம் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதல் பதில் கோபமானது: "நம் பாட்டனும் பூட்டனும் பண்ணையில் கிடந்து செத்தது போதாதா? அண்ணல் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார். மறுபடியும் சாணி அள்ளவா படித்தோம்?" இரண்டாவது பதில் பெருமிதமானது: "மண்ணும் மாடும் விதையும் நம் அறிவு. அதை அடுத்தவன் கையில் விட்டுவிட்டு நாம் எங்கே போவது?"

இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் பாதி உண்மைகள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கடுமையாகச் சாடிய அதே அம்பேத்கர்தான், 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் வேளாண்மையை அரசுத் தொழிலாக்கி, நிலத்தைக் கூட்டுப் பண்ணைகளாக்கி, சாதி பார்க்காமல் ஊர்மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பேருமே இல்லாத வேளாண்மையை அவர் கேட்டார். ஆக, அவர் நம்மை வெளியேறச் சொன்னது அடிமை வேலையிலிருந்து. மண்ணின் மீதான உரிமையை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனவே நம் பதில் இதுதான்: போங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இந்த நிலம் யாருடையது? இங்கே யாருக்குக் கூலி, யாருக்கு இல்லை? இங்கே கற்பிக்கப்படும் அறிவு யாருடையது, அது யார் பெயரில் போகிறது?

ஒரே வேலை, இரண்டு பெயர்

பண்ணையில் இலவசமாக வேலை செய்து கற்றுக்கொள்ளும் பழக்கம் அமைப்பு வடிவம் பெற்றது 1971இல், இங்கிலாந்தில். லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், நகரத்தில் அடைந்து கிடப்பவர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணையில் வேலை செய்ய வழி ஏற்படுத்தினார். 'வூஃப்' என்ற பெயரில் அது இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர உழைப்பு, பதிலுக்கு உணவும் படுக்கையும் என்பது அதன் பொதுவான கணக்கு.

லண்டன் அலுவலகத்திலிருந்து போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். சாணி அவருக்கு ஒரு அனுபவம். ஞாயிற்றுக்கிழமை மாலை கையைக் கழுவினால் அது போய்விடும். நம் அம்மாக்களின் கையில் ஒட்டிய சாணி அப்படிப் போகவில்லை. அது அவர்கள் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பதை முடிவு செய்தது. ஒருவர் அள்ளினால் 'தன்னார்வலர்', இன்னொருவர் அள்ளினால் 'பண்ணையாள்'. சாணி ஒன்றுதான்.

கூலியில்லாத உழைப்புக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வெட்டி என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல். இன்று பயனில்லாத வேலையை 'வெட்டி வேலை' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் நம் முன்னோர்களின் முதுகெலும்பு இருக்கிறது. அதனால்தான் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு இத்தகைய உழைப்பைத் தடை செய்தது. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரிடம் வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும்.

விரும்பி ஒரு மாதம் போய்க் கற்கும் மாணவரையும் கடனுக்குக் கட்டுண்ட கூலியையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் தன்னார்வலர் இலவசமாகக் களை எடுக்கும்போது, அந்த வேலைக்குக் கூலி வாங்கி வந்த அக்கா வீட்டுக்கு அனுப்பப்படுகிறாரா என்று பாருங்கள். அனுப்பப்படுகிறார் என்றால், நம் கற்றல் அவருடைய கூலியிலிருந்து எடுக்கப்படுகிறது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. வயல் கூலியை இங்கே யாரும் சில்லறை விஷயமாகப் பேச முடியாது.

இலை எங்கே போடப்படுகிறது

எங்கள் வாசிப்பு வட்டத்திலிருந்து இரண்டு மாணவர்கள் ஒரு பண்ணைக்குப் போனார்கள். தன்னார்வலர்களுக்குக் கூடத்தில் பாய் விரித்து, வாழை இலை போட்டு, தினைப் பொங்கலும் கீரையும் பரிமாறினார்கள். மாட்டுத்தொழுவில் வேலை செய்த காலனிப் பெண்கள் வேப்பமரத்தடியில் அவரவர் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். நம் மாணவர் ஒருவர் மரத்தடிக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வந்து, "தம்பி, உங்களுக்கு உள்ளே இலை போட்டிருக்கு" என்றார். மாணவர் எழவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளேயா?" என்பது அடுத்த கேள்வி. மறுநாள் காலை அவருடைய வேலை நாற்றங்காலிலிருந்து தொழுவுக்கு மாற்றப்பட்டிருந்தது.

யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. சுவரில் 'மண்ணுக்கு எல்லோரும் பிள்ளைகள்' என்று எழுதியிருந்தது. இயற்கை வேளாண்மை ரசாயனத்தை மண்ணிலிருந்து எடுத்துவிடுகிறது. சாதியைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும், அது தானாக மக்காது.

எல்லாப் பண்ணைகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இளைஞர்களை வயலுக்கு அழைத்து வந்ததை நாம் மதிக்கிறோம். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் பலருக்குப் பயிற்சி தந்திருக்கிறது. நல்ல பண்ணையை அடையாளம் காண்பதற்கு மண்புழுவை எண்ணினால் மட்டும் போதாது என்பதே நம் வாதம். சாப்பிடும்போது யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது

நிறைய இருக்கிறது. அதனால்தான் போகச் சொல்கிறோம்.

மாடும் காய்கறியும் சேர்ந்த பண்ணையில் ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி. பாத்தியில் முற்றிப்போன கீரை ஆட்டுக்குப் போகிறது. ஆட்டுப் புழுக்கை எருக்குழிக்குப் போகிறது. மாடு மேய்ந்த இடத்தில் நான்கு நாள் கழித்துக் கோழியை விட்டால், அது சாணியைக் கிளறி ஈப்புழுவைத் தின்னும். ஈயும் குறையும், சாணியும் பரவும். தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், காற்றிலிருந்த தழைச்சத்து மண்ணுக்கு வந்துவிடும். யூரியா மூட்டைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. வெயிலில் மண்ணை வெறுமையாக விடாமல் வைக்கோலோ சருகோ போட்டு மூடாக்கு செய்தால் பாதி தண்ணீர் போராட்டம் முடிந்தது.

எருக்குழியைச் சரியாக அடுக்கி, ஈரமும் காற்றும் சரியாக இருந்தால், உள்ளே வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். களை விதையும் நோய்க்கிருமியும் அதில் சாகும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் இது புரியும், புத்தகத்தில் புரியாது. ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணி, 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் போட்டுக் கலக்கி இரண்டு நாள் வைக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு அது போதும்.

இவற்றோடு கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கறவை மாட்டின் தீவனச் செலவு என்ன? வெண்டைக்காய் கிலோ என்ன விலைக்குப் போகிறது, வண்டி வாடகை போக எவ்வளவு மிஞ்சுகிறது? பண்ணை உழைப்பால் ஓடுகிறதா, பயிற்சிக் கட்டணத்தால் ஓடுகிறதா, உரிமையாளரின் வேறு வருமானத்தால் ஓடுகிறதா? கணக்குப் புத்தகத்தைக் காட்டாத பண்ணை பாதிப் பாடத்தைத்தான் கற்பிக்கிறது. பத்து சென்டில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைப் பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோரிடம் ஐம்பது ஏக்கர் இல்லை.

அறிவு யாருடையது

இயற்கை வேளாண்மையின் முன்னோடியாக உலகம் கொண்டாடும் ஆல்பர்ட் ஹோவார்ட், 1905இல் பீகாரின் பூசாவுக்கு வந்த ஆங்கிலேயர். பின்பு இந்தூரில் எரு தயாரிக்கும் முறையை வகுத்தார். அது 'இந்தூர் முறை' என்று பெயர் பெற்றது. 1940இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. இந்திய உழவர்களைத் தன் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். நேர்மையான மனிதர்தான். ஆனால் அந்த ஆசிரியர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்தூர் எருக்குழியைக் கிளறிய கை யாருடையது?

மேலே சொன்ன அதே பண்ணையில் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. தொழுவில் வேலை செய்த அறுபது வயது அம்மா கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்துத் தடவி மாட்டைத் தேற்றினார். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இன்று பரிந்துரைக்கும் மருந்து அது. அடுத்த வாரப் பயிற்சி வகுப்பில் 'நம் முன்னோர்களின் பாரம்பரிய அறிவு' என்று அது கற்பிக்கப்பட்டது. கட்டணம் செலுத்தியவர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்த அம்மா அப்போது தொழுவைக் கழுவிக்கொண்டிருந்தார். உரிமையாளரின் மகன் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எனவே பண்ணைக்குப் போகும் நம் பிள்ளைகளின் முதல் ஆசிரியர் அங்கே வேலை செய்யும் கூலிப் பெண்களாக இருக்கட்டும். அவர்களை அம்மா என்றும் அக்கா என்றும் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரோடு எழுதுங்கள்.

மாடு புனிதம், பன்றி அசிங்கம்?

கால்நடைப் பண்ணையில் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. நாட்டு மாடு, பஞ்சகவ்யம், கோமாதா என்று காலையிலிருந்து பேச்சு நடக்கும். கறவை வற்றிய மாடும் காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று கேட்டால் அமைதி. அவை சந்தைக்குப் போகின்றன. இறைச்சி ஒரு பக்கமும் தோல் இன்னொரு பக்கமும் போகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் வரை நீளும் அந்தச் சங்கிலியில் உழைப்பவர்கள் பெரும்பாலும் நம் மக்களும் இசுலாமியரும். சாணியைப் புனிதம் என்று சொல்லிவிட்டு, மாட்டை அறுப்பவரையும் தின்பவரையும் தீட்டு என்று சொல்லும் பண்ணையில் சூழலியல் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

பல பண்ணைகளில் பன்றியே இருக்காது. சமையல் கழிவையும் காய்கறிக் கழிவையும் இறைச்சியாக மாற்றுவதில் பன்றிக்கு நிகரான விலங்கு குறைவு. அதன் மீதான அருவருப்பு, அதை வளர்த்த மக்கள் மீதான அருவருப்பு.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். பருத்தித் தோட்டத்தில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகத் தோட்ட முதலாளி அவரை வெளியேற்றினார். அவர் புரிந்துகொண்டது எளிமையானது: சோறு யார் கையில் இருக்கிறதோ, ஓட்டும் அவர் கையில் இருக்கும். 1960களின் இறுதியில் அவர் 'பன்றி வங்கி' தொடங்கினார். சினைப் பன்றி ஒன்று ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். குட்டி போட்டதும் தாய் வங்கிக்குத் திரும்பும், குட்டிகள் குடும்பத்துக்கு. 1969இல் 40 ஏக்கர் நிலம் வாங்கி, 'சுதந்திரப் பண்ணை' என்ற கூட்டுறவை உருவாக்கினார். காய்கறியும் பயறும் விளைந்தன. வெள்ளம், வறட்சி, பணமுடை சேர்ந்து 1970களின் நடுவில் அது நின்றுபோனது. நிலம் கிடைத்தால் மட்டும் போதாது, அதைத் தாங்கிப்பிடிக்கும் முதலும் வேண்டும் என்பது அதன் பாடம்.

நம் ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. ஆடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், குட்டியில் பங்கு. அந்தப் பழக்கத்தை முதலாளியிடமிருந்து எடுத்துச் சேரியின் கூட்டுச் சொத்தாக மாற்றினால் அதுவே நம் ஆட்டு வங்கி. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம்தான். பத்து ஆட்டோடு தொடங்கும் இளைஞர் குழு சில ஆண்டுகளில் ஒரு தெருவுக்கே ஆடு கொடுத்துவிட முடியும். ஆனால் மேய்ச்சலுக்கு இடம் வேண்டும். 2011இல் அரசு ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது நிலமற்ற குடும்பங்கள் சந்தித்த கேள்வியும் அதுதான்: ஆடு சரி, எங்கே மேய்ப்பது? மேய்க்கால் புறம்போக்கை யார் வளைத்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் ஊரின் அதிகாரம் தெரிந்துவிடும்.

கேள்வி நிலத்தில் வந்து நிற்கிறது

எங்கே தொடங்கினாலும் நிலத்தில்தான் வந்து நிற்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதை மற்றவர்களுக்கு விற்க முடியாது, விற்றாலும் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். வார இறுதியில் நீங்கள் போகும் அழகான பண்ணையின் நிலத்துக்கும் ஒரு வரலாறு இருக்கும். 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

நிலம் கைக்கு வந்தால் நம் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்குத் தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதி சாட்சி. 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். 'எதற்கும் உதவாது' என்று போடப்பட்டிருந்த தரிசு நிலங்களை அவர்கள் திருத்தினார்கள். ஒரே வயலில் சோளம், கம்பு, துவரை, எள் என்று பல பயிர்களைக் கலந்து விதைத்தார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் கூடையில் காத்தார்கள். சமூகத் தானிய வங்கி வைத்து, பசியுள்ளவருக்கு முதல் பங்கு என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். 2008இல் தங்கள் சொந்த வானொலியைத் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பண்ணை வேலை கற்க இடம் தேடும் தோழர்கள் முதலில் இத்தகைய இடங்களைத் தேடுங்கள்.

போகும் முன் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் அல்ல, எழுத்தில் கேளுங்கள்:

- நாளுக்கு எத்தனை மணி நேர வேலை? விடுமுறை எப்போது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தல்?
- பண்ணையில் எத்தனை பேர் கூலிக்கு வேலை செய்கிறார்கள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா?
- எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்களா? இறைச்சி சாப்பிடத் தடை உண்டா?
- வேலைகள் சுழற்சி முறையில் பிரிக்கப்படுகின்றனவா? தொழுவைக் கழுவுவது எல்லோருக்கும் முறை வைத்து வருமா?
- பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் கழிப்பறையும் உண்டா? புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும்?
- காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது?
- வரவு செலவுக் கணக்கைக் காட்டுவீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் பண்ணைக்குப் போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள், இருவராகப் போங்கள்.

திரும்பி வந்ததும் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கற்றதைத் தெருவில் கற்றுக்கொடுங்கள். அடிமையாகப் பிறந்து அறிவியலாளரான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1906இல் ஒரு குதிரை வண்டியை நடமாடும் பள்ளியாக்கி ஏழைக் கறுப்பின உழவர்களின் வாசலுக்கே பாடத்தைக் கொண்டு போனார். பருத்தியால் தேய்ந்த மண்ணுக்குக் கடலையும் காராமணியும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். நமக்கு வண்டி தேவையில்லை, இரவுப் பாடசாலைத் திண்ணையே போதும். இரண்டாவது, ஐந்து குடும்பங்களைச் சேருங்கள். பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்தால் அதிகச் செலவில்லாமல் இயற்கைச் சான்று பெற வழி இருக்கிறது. மூன்றாவது, நிலத்தைக் கேளுங்கள். தாட்கோவின் நன்னிலம் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி வேளாண் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. உங்கள் அம்மா பெயரில் மனு எழுதுங்கள். உங்கள் ஊரின் பஞ்சமி நில விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போடுங்கள்.

சாணி அள்ளுவதில் இழிவில்லை. அடுத்தவன் நிலத்தில், அடுத்தவன் சொன்ன நேரத்தில், கூலியும் பெயரும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அள்ள வைத்ததில்தான் இழிவு, அதுவும் அள்ள வைத்தவர்களுக்கு. இந்தக் கோடை விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பண்ணைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதே நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

ஜெய் பீம்.